புல்லுக்கட்டுக்குப் பின்னால்

சேசு மரி சூசை

சவேரியார்பட்டி, பொம்மிடி வழி
17.11.1968

அன்புள்ள அண்ணனுக்கு, பாக்கியமேரி எழுதுவது.

ஆண்டவர் புண்ணியத்தில் அப்பாவும் நானும் நன்றாக இருக்கிறோம். குளிர் தொடங்கியதும் அப்பாவுக்கு முழங்கால் வலி கூடியிருக்கிறது. விளக்கெண்ணெயைச் சூடுகாட்டித் தேய்த்துவிடுகிறேன். பெங்களூர்க் குளிர் உங்களுக்கு ஒத்துக்கொள்கிறதா? கம்பளிக்குள் காதையும் சேர்த்து மூடிக்கொண்டு தூங்குங்கள்.

இந்த வருஷம் நம் ஏரி நிறைந்து வழிந்து கோடி போய்விட்டது. மாட்டுக்குப் புல் அறுக்கக் காலையில் செல்லியோடு ஏரிக்கரைக்குப் போகிறேன். நம் மேட்டுக்காட்டில் களையெடுக்க வருவாளே, அதே செல்லிதான். வடக்கேயிருந்து பறவைகள் வர ஆரம்பித்திருக்கின்றன. நாமக்கோழி முந்நூறுக்கு மேல். கிளுவை இன்று காலை நாற்பத்தொன்று. உள்ளான்களை மூன்று தடவை எண்ணினேன், மூன்று கணக்கு வந்தது. நோட்டில் மூன்றையும் எழுதி வைத்திருக்கிறேன்.

செல்லி கேட்கிறாள்: "ஏம்மா, தெனமும் எண்ணி எண்ணி என்னா பண்ணப் போற? அதுங்களுக்கு ரேஷன் கார்டு குடுக்கப் போறியா?"

பாப்பிரெட்டிப்பட்டி நூலகத்தில் பறவைகளைப் பற்றி ஒரே ஒரு புத்தகம் இருக்கிறது. அது கோழி வளர்ப்பு. அதையும் படித்துவிட்டேன்.

அம்மா இறந்தபோது பி.யூ.சி. முடித்த கையோடு என்னைச் சேலத்திலிருந்து அழைத்து வந்தீர்கள். ஒரு வருஷம் போகட்டும், பி.ஏ. சேர்த்துவிடுகிறேன் என்றீர்கள். அதை நினைவுபடுத்துவதற்காக இதை எழுதவில்லை. அப்பா மட்டும் நேற்று அவராகவே சொன்னார்: "ஆஸ்டலுக்கெல்லாம் வுடமாட்டேன். அண்ணங்காரன் இருக்கற ஊருன்னா போ. நான் களி கிண்டிக்குவேன்." அதைத் தெரிவிக்கிறேன்.

உங்கள் சுகத்துக்காக ஜெபிக்கும் தங்கை,
பாக்கியம்

*

பெங்களூர்
2.12.1968

அன்புத் தங்கை பாக்கியத்துக்கு,

நான் சுகம். மூக்கு மட்டும் அடைத்திருக்கிறது. இந்த ஊரில் மூக்கு அடைக்காதவன் வெளியூர்க்காரன் என்று வைத்துக்கொள். அப்பாவின் காலுக்கு இங்கிருந்து ஒரு தைலம் வாங்கி அனுப்புகிறேன்.

உன் கடிதத்தை என்ன செய்தேன் தெரியுமா? எங்கள் மானேஜருக்கு வாசித்துக் காட்டினேன். அவருக்குப் பறவை என்றால் உயிர். நீ எழுதியதையெல்லாம் இங்கிலீஷில் சொன்னேன். "உன் தங்கைக்கு நல்ல கண்" என்றார். இரண்டு வருஷமாக என்னை அருள்சாமி என்று பேர் சொல்லிக்கூடக் கூப்பிடாத மனிதர், உட்காரச் சொல்லிக் கேட்டார்.

அவர் கேட்பது இவைதான்: பறவைகள் ஏரியில் எந்தப் பக்கம் தங்குகின்றன? எத்தனை மணிக்கு எழும்புகின்றன? ஆள் எவ்வளவு கிட்டத்தில் போக முடியும்? விவரமாக எழுது. உன்னை விட்டால் இதை எழுத ஆள் கிடையாது.

உன் படிப்பு என் மனசில்தான் இருக்கிறது. வேலை பெர்மனென்ட் ஆகட்டும். அது அவர் கையில் இருக்கிறது.

அண்ணன்,
அருள்சாமி

*

சேசு மரி சூசை

சவேரியார்பட்டி
10.12.1968

அன்புள்ள அண்ணா,

மூக்கடைப்புக்கு நொச்சித் தழை போட்டு ஆவி பிடியுங்கள். அங்கே நொச்சி கிடைக்காது என்று கொஞ்சம் இதில் மடித்து வைத்திருக்கிறேன். அப்பா நலம். நானும் நலம். உங்கள் கடிதம் வந்த நாளிலிருந்து ரொம்பவே நலம்.

ஒரு பெரிய மனிதர் இதையெல்லாம் கேட்பார் என்று நான் நினைத்ததே இல்லை. அவரிடம் தூரத்துக் கண்ணாடி இருக்குமா? அவருக்குச் சொல்லுங்கள்: கிளுவைகள் தெற்குக் கோரைக்கு ஓரமாகத் தங்குகின்றன. மலை மேல் வெளிச்சம் விழுந்து, பனி விலகுவதற்குள் எழும்பிவிடும். ஆறு மணியிலிருந்து ஆறரைக்குள் பார்க்க வேண்டும். போன வியாழக்கிழமை புதிதாகப் பதினேழு பெரிய வாத்துகள் வந்திருக்கின்றன. சாம்பல் உடம்பு, வெள்ளைத் தலை, தலைக்குப் பின்னால் இரண்டு கறுப்புப் பட்டை. இங்கே யாருக்கும் பேர் தெரியவில்லை. அவரைக் கேட்டு எழுதுங்கள்.

எவ்வளவு கிட்டத்தில் போகலாம் என்பது ஒரு மாதம் பார்த்துப் பார்த்து நானே கண்டுபிடித்தது. வெறுங்கையோடு போனால் நூறு அடியிலேயே பறந்துவிடும். ஆண்கள் போனால் இன்னும் சீக்கிரம். ஆனால் தலையில் புல்லுக்கட்டு வைத்துக்கொண்டு போகிற பெண்பிள்ளையை அவை ஆளாகவே மதிப்பதில்லை. தினமும் பார்க்கிற உருவம் அல்லவா? கட்டு முகத்தை மறைக்கிற மாதிரி தழைந்து இருக்க வேண்டும். நேராகப் போகாமல் சாய்வாக நடக்க வேண்டும். நடுவில் நிற்கக் கூடாது. பேசக் கூடாது. நானும் செல்லியும் அப்படிப் போய் இருபது அடியில் நின்றிருக்கிறோம். ஒரு கிளுவை தூங்கும்போது ஒரு கண்ணை மட்டும் திறந்து திறந்து மூடியதைக்கூடப் பார்த்தேன்.

இதைச் செல்லியைத் தவிர யாரிடமும் சொன்னதில்லை. சொன்னால் சிரிப்பார்கள்.

அன்பு மறவாத தங்கை,
பாக்கியம்

*

பெங்களூர்
18.12.1968

பாக்கியத்துக்கு,

சுகம். அவசரமாக எழுதுகிறேன்.

மானேஜர் துள்ளிக் குதித்துவிட்டார். அந்தப் பெரிய வாத்துகளுக்காகவே வருகிறார். கிறிஸ்துமஸ் முடிந்து 27ஆம் தேதி சாயங்காலம் அவரும் சிநேகிதர் இரண்டு பேரும் நானும் ஜீப்பில் வருகிறோம். டிரைவர் கிருஷ்ணப்பன் ஒருவன். நம் வீட்டில்தான் தங்கல். மிளகும் மல்லியும் நிறைய இடித்து வை. கோழி அடிக்க வேண்டாம்.

28ஆம் தேதி விடியற்காலையில் செல்லியை வரச் சொல்லிவிடு. கட்டாயம். எப்போதும் போகிற மாதிரி புல்லுக்கட்டோடு போனால் போதும் என்று சொல்.

பண்டிகை வாழ்த்துகள். அப்பாவுக்குச் சட்டைத் துணி கொண்டுவருகிறேன்.

அருள்சாமி

*

சேசு மரி சூசை

சவேரியார்பட்டி
6.1.1969

அன்புள்ள அண்ணனுக்கு,

நீங்கள் நல்லபடியாக ஊர் சேர்ந்திருப்பீர்கள். அப்பா நலம். புதுச் சட்டை கொஞ்சம் இறுக்கமாக இருக்கிறது, உங்களிடம் சொல்ல வேண்டாம் என்றார்.

நீங்கள் பார்க்காததும் கிளம்பிய பிறகு நடந்ததும் உங்களுக்குத் தெரிந்திருக்காது என்பதால் எழுதுகிறேன். சுட்டதில் ஜீப்பில் ஏற்றியது இருபத்தாறு. நம் வீட்டில் சமைத்தது ஐந்து. அந்த ஐந்தையும் நான்தான் இறகு பறித்துச் சுத்தம் செய்தேன். வயிற்றுக்குள் பொடிக்கல்லும் கோரை விதையும் இருந்தன. ஒன்றின் பின்னந்தலையில் இரண்டு கறுப்புப் பட்டை. விரலால் தொட்டுப் பார்த்தேன். மானேஜர் அதன் பேர் சொன்னாரே, நான் கேட்டுக்கொள்ளவில்லை.

கோரைக்குள் இறக்கை ஒடிந்து நான்கு கிடந்தன. கிட்டே போனால் தண்ணீரை அடித்துக்கொண்டு இன்னும் உள்ளே போய்விட்டன. மூன்றாம் நாள் சத்தம் நின்றது.

செல்லி இரண்டு நாள் வேலைக்கு வரவில்லை. வந்ததும் வாசலிலேயே நின்று பேசினாள். "எம் பொறத்தால குனிஞ்சி குனிஞ்சி வந்தானுங்க பாரு, மூணு தடியனுங்க. துப்பாக்கி வெச்சிருக்கறவனுக்கு எம் புல்லுக்கட்டு எதுக்கும்மா? காதண்ட வெடிச்சான். கட்டப் போட்டுட்டு ஓடியாந்தேன். உங்கண்ணன் சிரிக்கறாரு."

நீங்கள் என்னிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். பறவை என்றால் உயிர் என்று எழுதியிருந்தீர்கள். எனக்கு அது போதுமானதாக இருந்தது.

புறப்படும்போது ஜீப் அருகில் நின்று, "ஜூன் மாசம் ரெடியா இரு" என்று மெதுவாகச் சொன்னீர்கள். அதைப் பிடித்துக்கொண்டு இருக்கிறேன். உங்கள் உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

தங்கை,
பாக்கியமேரி

*

பெங்களூர்
20.5.1969

அன்புத் தங்கைக்கு,

உன் மூன்று கடிதங்களும் கிடைத்தன. பதில் போடாதது என் தப்பு. வேலை அப்படி. நான் சுகமாக இருக்கிறேன். நீயும் அப்பாவும் சுகம்தானே?

இரண்டு நல்ல செய்தி. ஒன்று, வேலை பெர்மனென்ட் ஆகிவிட்டது. இரண்டாவது, அப்பா சொல்லியிருப்பார், அரூர்ப் பக்கத்துப் பெண், பேர் ராயம்மாள். ஆகஸ்டில் கோயிலில் கல்யாண ஓலை வாசிக்கச் சொல்லியாகிவிட்டது. உனக்கு அண்ணி வரப்போகிறாள்.

கல்லூரி விஷயம் இந்த ஜூனுக்குச் சரிப்படாது என்று உனக்கே புரியும். நான் இருப்பது ஒற்றை அறை. கல்யாணம் முடித்துப் பெரிய வீடாகப் பார்த்ததும் அடுத்த வருஷம் கட்டாயம். நீ படித்த பெண், பதற்றப்பட மாட்டாய்.

அந்த வாத்துகளை மானேஜர் இன்னும் மறக்கவில்லை.

அண்ணன்,
அருள்சாமி

*

பெங்களூர்
23.11.1969

அன்புத் தங்கை பாக்கியத்துக்கு,

நானும் அண்ணியும் சுகம். கல்யாணத்தில் நீ ஓடியாடி வேலை செய்ததை அண்ணி வீட்டார் இன்றைக்கும் சொல்கிறார்கள். அதற்குப் பிறகு நீ கடிதமே போடவில்லை. கோபமா?

கோபத்தை ஆற்றும் மருந்து இதில் மடித்து வைத்திருக்கிறேன், பார். இங்குள்ள பெண்கள் கல்லூரியின் விண்ணப்பத் தாள். மானேஜருடைய சம்சாரத்துக்கு அந்தக் கல்லூரித் தலைவியை நன்றாகத் தெரியும். நீ பூர்த்தி செய்து மானேஜர் கையில் கொடுத்துவிட வேண்டியதுதான். தபாலில் போட்டால் ஏதாவது மூலையில் கிடந்து மக்கிப்போகும். பெரிய மனிதர் கையால் போனால்தான் இடம். உலகம் அப்படி இருக்கிறது, நாம் என்ன செய்ய?

அவர் டிசம்பர் கடைசியில் மறுபடி வர ஆசைப்படுகிறார். ஏரியில் இப்போது என்ன இருக்கிறது என்று எழுது. செல்லி வரமாட்டேன் என்று முரண்டு பிடிப்பதாக அப்பா எழுதியிருந்தார். வேறு பெண்பிள்ளைகளும் பயப்படுகிறார்களாம். மானேஜர் சொல்கிறார், அந்தப் பறவைகளுக்கு உன்னைப் பழக்கமாம். நீயே புல்லுக்கட்டை வைத்துக்கொண்டு முன்னால் நடந்தால் எழும்பாதாம். கால் மணி நேர வேலை. யோசித்து எழுது. கட்டாயம் இல்லை.

அண்ணன்,
அருள்சாமி

*

சவேரியார்பட்டி
4.12.1969

அண்ணனுக்கு,

இங்கே இருவரும் நலம். அங்கே நீங்கள் இருவரும் நலமாக இருப்பீர்கள்.

கிளுவை நூற்றுப் பன்னிரண்டு. சிறகி முப்பது. பெரிய வாத்து பதினான்கு. துப்பாக்கிச் சத்தம் கேட்ட இடத்துக்கு அவை இந்த வருஷம் போகவில்லை. வடமேற்கு மூலையில், மூழ்கிய கருவேல மரங்களுக்குள் தங்குகின்றன. அங்கே போக வழி தெரிந்தவர்கள் குறைவு. நான் அழைத்துப் போகிறேன். 27ஆம் தேதி சௌகரியமா?

விண்ணப்பம் பூர்த்தி செய்துவிட்டேன்.

பாக்கியமேரி

*

சவேரியார்பட்டி
8.1.1970

அண்ணனுக்கு,

அண்ணிக்கு வாந்தி நின்றிருக்கும் என்று நம்புகிறேன். எலுமிச்சை ஊறுகாய் வேண்டுமானால் அனுப்புகிறேன்.

அன்றைக்கு நீங்கள் கரையிலேயே நின்றுவிட்டீர்கள். அதனால் சொல்கிறேன்.

முதல் நாள் செல்லியிடம் புல்லுக்கட்டு கேட்டேன். "கட்டித் தரமாட்டேன் போ. ஒங் கையி இருக்குதில்ல?" என்றாள். நானே அறுத்து நானே கட்டினேன். பனி அதிகம். எனக்குப் பின்னால் மூன்று பேர் மூச்சு விடும் சத்தம் கழுத்தில் பட்டுக்கொண்டே வந்தது. சாய்வாக நடந்தேன். நிற்கவில்லை. ஒரு பெரிய வாத்து தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டு மறுபடி இறகுக்குள் அலகைச் செருகிக்கொண்டது. இருபது அடி இருக்கும்.

அண்ணா, அந்த இடத்தில் நான் ஒரு தடவை இருமியிருந்தால் போதும். எல்லாம் பறந்திருக்கும். பனியில் ஒரு பெண்ணுக்கு இருமல் வந்தது என்றால் யார் என்ன கேட்டிருப்பார்கள்? தொண்டைவரை வந்தது. விழுங்கிக்கொண்டேன். நிஜமான இருமலாகவே இருந்தது, ஆனாலும் விழுங்கிக்கொண்டேன். விண்ணப்பம் என் இடுப்பில் செருகியிருந்தது.

இருபத்து மூன்று. பெரியதில் ஐந்து.

மானேஜர் என் தோளில் தட்டி ஏதோ சொன்னார். டிரைவர் கிருஷ்ணப்பன் தமிழில் சொன்னான்: "தொரை ரொம்ப குஷியா இருக்காரும்மா. இப்பக் கேளு, எது கேட்டாலும் செய்வாரு." நான் தாளை நீட்டினேன். அவருக்குக் கையெல்லாம் இறகு. இரண்டு விரலால் வாங்கி, பாதியாக மடித்து, தோட்டாப் பையில் போட்டுக்கொண்டார்.

அப்புறம் செல்லி என்னோடு புல்லுக்கு வருவதில்லை. பேசுகிறாள், ஆனால் "பாக்கியம்மா" என்பதில்லை. "வாங்க, போங்க" என்று மரியாதையாகப் பேசுகிறாள்.

கல்லூரிக்குத் தாள் போய்ச் சேர்ந்ததா என்று ஒரு வரி எழுதுங்கள்.

பாக்கியமேரி

*

பெங்களூர்
28.4.1970

அன்புத் தங்கை பாக்கியத்துக்கு,

எல்லோரும் சுகம். உன் ஊறுகாய் இரண்டு நாளில் காலி. அண்ணிக்கு ஜூன் கடைசியில் பிரசவம் என்று டாக்டரம்மா சொல்லியிருக்கிறார். அண்ணியின் தாயாருக்கு உடம்பு சரியில்லாததால் பிரசவம் இங்கேயே. ஆகவே நீ ஜூன் முதல் வாரமே புறப்பட்டு வந்துவிடு. பெங்களூர் வர வேண்டும் என்று எத்தனை நாளாகச் சொல்லிக்கொண்டிருந்தாய்! குழந்தைக்கு ஒரு வயசு ஆகும் வரையாவது நீ கூட இருந்தால் எங்களுக்குத் தெம்பு. பொம்மிடியில் ஏறினால் ஜோலார்ப்பேட்டையில் நான் வந்து நிற்கிறேன்.

மானேஜர் போன மாதம் கல்கத்தாவுக்கு மாற்றலாகிப் போய்விட்டார். பெரிய விருந்து வைத்து வழியனுப்பினோம். உன் தாளைக் கொடுத்தாரா என்று தெரியவில்லை. அந்த நேரத்தில் போய் அதைக் கேட்பது நன்றாக இருக்காது என்று விட்டுவிட்டேன். எப்படியும் இந்த வருஷம் வீட்டில் குழந்தையை வைத்துக்கொண்டு நீ படிக்கவா முடியும்? அடுத்த வருஷம் பார்ப்போம்.

புதிதாக வந்திருக்கும் மானேஜருக்கும் துப்பாக்கிப் பழக்கம் உண்டு என்கிறார்கள்.

அண்ணன்,
அருள்சாமி

*

சவேரியார்பட்டி
9.5.1970

அண்ணனுக்கு,

அண்ணிக்கு நல்லபடியாகப் பிரசவம் ஆகட்டும். இதை மனப்பூர்வமாக எழுதுகிறேன். அவர் எனக்கு ஒரு கெடுதலும் செய்யவில்லை.

ஏப்ரல் பாதி வரை உங்களிடமிருந்து ஒரு வரியும் வராததால் கல்லூரித் தலைவிக்கு நானே இங்கிலீஷில் ஒரு கடிதம் போட்டேன். முந்தாநாள் பதில் வந்தது. என் பேரில் அங்கே எந்த விண்ணப்பமும் வரவில்லை. கடைசித் தேதி ஏப்ரல் முப்பதோடு முடிந்துவிட்டது. என் பி.யூ.சி. மார்க்குக்கு, தாளைத் தபாலில் போட்டிருந்தாலே இடம் தந்திருப்பார்களாம். போன வருஷம் நான் கேட்ட வகுப்பில் நான்கு இடம் ஆளில்லாமல் கிடந்ததாம். யாருடைய சிபாரிசையும் தாங்கள் வாங்குவதில்லை என்பதற்குக் கீழே கோடு போட்டிருக்கிறார். அடுத்த வருஷம் எழுதுங்கள் என்று முடித்திருக்கிறார். "அடுத்த வருஷம்" என்ற அந்த இரண்டு வார்த்தையும் எனக்கு எப்படிக் கேட்கும் என்பது பாவம், அவருக்குத் தெரியாது.

தபாலில் அனுப்பலாம் என்று விண்ணப்பத்தின் பின்பக்கத்திலேயே அச்சடித்திருந்தது. அன்றைக்கே படித்தேன். கையில் கிடைக்கிற எதையும் பின்பக்கம்வரை படிக்கிறவள் நான். படித்துவிட்டும், அச்சில் இருப்பதை நம்பாமல், "உலகம் அப்படி" என்று நீங்கள் எழுதியதை நம்பினேன். ஒரு தபால்தலை ஒட்டியிருந்தால் முடிந்திருக்கிற காரியத்துக்கு அந்தப் பனியில் மூன்று துப்பாக்கிகளை என் பின்னால் அழைத்துக்கொண்டு போயிருக்கிறேன். உங்கள் மேல் பழி போட எனக்கு ஆசையாகத்தான் இருக்கிறது. முழுவதையும் போட முடியவில்லை.

தபாலிலேயே அனுப்பலாம் என்று உங்களுக்குத் தெரியுமா என்று கேட்க மாட்டேன். தெரியும் என்றாலும் தெரியாது என்றாலும் இனி எனக்கு ஒன்றுதான்.

ஜூனில் நான் வரவில்லை. பிரசவத்துக்கு வேறு ஆள் பாருங்கள். புது மானேஜருக்கும் வேறு ஆள் பாருங்கள்.

அப்பாவிடம் சொல்லிவிட்டேன். களியைத் தட்டில் தள்ளி வைத்தார். அப்புறம், "வரலன்னா அண்ணன் கோச்சிக்குவானே பாப்பா" என்றார்.

"கோச்சிக்கட்டுங்க" என்றேன்.

ம. பாக்கியமேரி